பேர் சொல்லாமல் போன அக்காவுக்கு நன்றிங்க

கோவை மத்திய சிறையிலிருந்து வெளியே வரும் தம்பிகளைக் கல்லூரிப் படிப்பில் சேர்த்துவிடுவது எங்கள் வேலை. காந்திபுரத்து இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றபடியே எங்களுக்கு உதவிய அக்கா, இது உங்களுக்குத்தானுங்க.

தொலைநிலைப் படிப்புக்கு இப்போது டெப் ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் அடையாள எண்) கட்டாயம். அதற்கு முன்னால் ஏபிசி ஐடி (படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும், அதற்கு ஆதார் ஓடிபி வேண்டும். உள்ளே இருந்த காலத்தில் ரீசார்ஜ் இல்லாமல், ஆதாரில் இருக்கும் பழைய செல் எண் இந்நேரம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். ஓடிபி எப்படி வரும்? பலருடைய படிப்பு நிற்பது இங்கேதான். விண்ணப்பத்தைத் தொடாமல், முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் போய்ப் புது எண்ணைச் சேர்க்கச் சொன்னீங்க. அப்புறம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டீங்க. ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பேர் முழுசாக. அதையும் அப்போதே திருத்தச் சொன்னீங்க.

உள்ளே இருந்தபோதே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ. சேர்ந்த தம்பி புதுசாகச் சேர வேண்டியதில்லை, பதிவு எண் அப்படியே செல்லும், முடிக்க 6 ஆண்டு வரை அவகாசம் உண்டு, கல்வி மையத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றீங்களே, அது பேருதவிங்க.

எதற்காக உள்ளே போனாய் என்று யாரிடமும் நீங்கள் கேட்கவே இல்லை. ரொம்ப நன்றிங்க. ஜனவரிச் சேர்க்கைக்கு இன்னும் சிலரைக் கூட்டி வர்றோம்.