வளையத்தின் நடுவில் எந்தத் தொகை?

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய பட்ஜெட் தாக்கலான மறுநாள் ‘ரூபாய் எங்கிருந்து வருகிறது’ என்ற படத்துக்கு நாளிதழ்கள் தவறாமல் இடம் ஒதுக்குகின்றன. நல்ல வழக்கம். அதை டோனட் வடிவில், அதாவது நடுவில் ஓட்டை விட்ட வளையமாக வரையும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

2025-26 வரவில் ஒவ்வொரு ரூபாயிலும்: கடன் மற்றும் இதர பொறுப்புகள் 24 பைசா, வருமான வரி 22, ஜிஎஸ்டி 18, நிறுவன வரி 17, வரியல்லாத வருவாய் 9, கலால் வரி 5, சுங்க வரி 4, கடன் சாராத மூலதன வரவு (அரசுப் பங்கு விற்பனை போன்றவை) 1. மொத்தம் 100.

ஓட்டையில் மொத்தத் தொகையைப் போடத்தான் எவருக்கும் கை போகும். பட்ஜெட் மொத்தம் 50.65 லட்சம் கோடி ரூபாய். ஆனால் இந்தப் பைசாக் கணக்கு அந்தத் தொகைக்கு உரியதல்ல. மாநிலங்களுக்குப் போகும் வரிப் பங்கையும் (சுமார் 14.22 லட்சம் கோடி) சேர்த்துப் போட்ட கணக்கு இது. அடித்தொகை ஏறத்தாழ 64.9 லட்சம் கோடி. நடுவில் 50.65 என்று அச்சிட்டால், வாசகர் 24 பைசாவைப் பெருக்கிப் பார்த்துக் கடன் 12.16 லட்சம் கோடி என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் நிதிப் பற்றாக்குறை, அதாவது கடனால் ஈடுகட்டப்படும் தொகை, 15.69 லட்சம் கோடி. மூன்றரை லட்சம் கோடி எங்கே போனது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சரியான தொகையைப் போடுங்கள். இல்லையேல் ‘1 ரூபாய்’ என்று மட்டும் போடுங்கள்.

அடுத்தது சிறிய துண்டு. ஒரு பைசாவுக்கு 3.6 டிகிரி. 8 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் வெளி விளிம்பில் அது 2.5 மி.மீ.; ஓட்டை 4 செ.மீ. என்றால் உள் விளிம்பில் 1.25 மி.மீ. துண்டுகளுக்கிடையே அழகுக்காக 1 மி.மீ. வெள்ளை இடைவெளி விட்டால், உள் விளிம்பில் அந்தத் துண்டு கிட்டத்தட்ட அழிந்தே போகும். 24 பைசாத் துண்டுக்கோ அது ஒரு பொருட்டே அல்ல. கால் மி.மீ. கோடு போதும். பெயரை வெளியே எழுதி ஒரு கோட்டால் இணைத்துவிடலாம். நிறக் குறிப்புப் பெட்டி வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் எட்டு நிறமும் ஒரே சாம்பலாகிவிடும்.

வளையத்தைச் சாய்த்து முப்பரிமாணமாகக் காட்டவே கூடாது. முன்பக்கம் வரும் துண்டு, பக்கச்சுவரும் சேர்ந்து, உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிட இரண்டு வளையங்களை அருகருகே வைப்பதும் பயன் தராது. 2024-25 முழு பட்ஜெட்டில் கடன் 27, வருமான வரி 19; அடுத்த ஆண்டு 24, 22. கடனில் குறைந்த மூன்று பைசா வருமான வரியில் ஏறியிருக்கிறது. அந்த ஆண்டின் பெரிய செய்தியே இதுதான், ஆனால் வளைவில் அது கண்ணில் படாது. ஒரே கோட்டில் தொடங்கும் பட்டைகளாக வரைந்தால் பார்த்ததும் தெரியும். அடுத்த பட்ஜெட் நாளில் வரவுக்கு ஒரு வளையமும், இந்த ஒப்பீட்டுக்குத் தனியே நான்கு பட்டைகளும் வெளியிட வேண்டுகிறேன்.

— வாசகர், திருச்சி