ஒரு ஷட்டருக்காக முழு கேமராவையும் குப்பையில் போடச் சொல்வது பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

ஐயா, வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 2016ல் வாங்கிய உங்கள் கேமரா கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று ஓய்வில்லாமல் உழைத்தது. போன மார்ச்சில் ஏற்காட்டில் அது நின்றுவிட்டது. அங்கே கோடை மழை பெய்து எட்டுப் பத்து நாளில் காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூ நிற்பது இரண்டு மூன்று நாள்தான். அதற்காகவே வருடா வருடம் மலையேறுகிறேன். நாலாவது படத்திலேயே கரகரவென்று சத்தம். லென்ஸுக்குப் பின்னால் ஏறி இறங்கும் கண்ணாடி கீழே இறங்காமல் மாட்டிக்கொண்டது. லென்ஸைக் கழற்றிப் பார்த்தால், சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டரின் ஒரு பிளேடு மடங்கிச் சரிந்து கிடந்தது. நகக்கண் அளவு மடிப்பு, அவ்வளவுதான். சென்சாரில் கீறல் இல்லை, பாடியில் குறை இல்லை.

உங்கள் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். பதினேழு நாள் கழித்து, "இந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை சார், புது மாடல் வாங்கினால் பழையதற்குத் தள்ளுபடி தருகிறோம்" என்றார்கள். பழையதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போகும் என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, சொல்லச் சொன்னதைத்தான் சொன்னார்.

அப்புறம் உங்கள் பருவநிலை அறிக்கையை முழுக்கப் படித்தேன். 2050க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, அதாவது விடும் புகையை முழுக்க ஈடுகட்டுவது, தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிடப் புவி வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் உயராமல் பார்க்க வேண்டும் என்ற பாரிஸ் ஒப்பந்த இலக்கோடு இசைவு என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்த 1.5 டிகிரிக்கு, 2010ல் இருந்த கார்பன் டை ஆக்சைடு உமிழ்வை 2030க்குள் ஏறக்குறைய 45 சதவீதம் உலகமே குறைக்க வேண்டும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2018லேயே சொல்லிவிட்டது. நீங்கள் கணக்குக் காட்டிக் குறைத்திருப்பது உங்கள் ஆலையில் எரிப்பதையும் நீங்கள் வாங்கும் மின்சாரத்தையும்தான். ஸ்கோப் 3 என்கிறார்களே, உதிரிபாகம் செய்பவர்கள், சரக்குப் போக்குவரத்து, விற்ற பொருளின் உபயோகம், கடைசியில் அது குப்பையாவது எல்லாம் சேர்ந்த மூன்றாவது கணக்கு, அதற்கு ஒரே ஒரு பத்தி. கேமராவைப் பொறுத்தவரை பெரும் பங்கு அதில்தான் இருக்கிறது. நான் பேட்டரிக்கு சார்ஜ் போடும் மின்சாரம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

மெக்னீசியம் உள்ள மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லை வெட்டும் ஊர்க்காரன் நான். அந்தக் கல்லைச் சூளையில் சுட்டால் எரிபொருள் புகை ஒருபக்கம், கல்லுக்குள் இருந்தே கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு இன்னொருபக்கம். எங்கள் ஊர்க் கல் உலைச் செங்கலுக்குப் போகிறது. உங்கள் கேமராவின் மெக்னீசியம் பாடி வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். ஆனால் அதுவும், லென்ஸ் கண்ணாடியும், சென்சார் சிப்பும் உலையும் மின்சாரமும் தின்றுதான் உருவாயின. அந்தப் புகை எப்போதோ வானத்துக்குப் போய்விட்டது. நன்றாக இருக்கும் பாடியை நொறுக்கிவிட்டு இன்னொன்றைச் செய்தால் அதே புகை இன்னொரு முறை. இது உங்கள் இலக்குக்கு நீங்களே வைக்கும் வேட்டு.

எனக்கு வேண்டியது இதுதான். அந்த ஷட்டரைக் காசுக்குக் கொடுங்கள், சும்மா வேண்டாம். உங்களிடம் இல்லையென்றால், வேறு இடத்தில் செய்துகொள்ள அதன் அளவும் சர்வீஸ் மேனுவலும் கொடுங்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரிலேயே பழுது பார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் திறந்துவிட்டது. விற்பனை நின்ற பிறகு எத்தனை வருடம் ஸ்பேர் தருவீர்கள் என்று பெட்டியிலேயே அச்சிடுங்கள். அடுத்த அறிக்கையில், பழுது பார்த்துத் திருப்பிக் கொடுத்தவை எத்தனை, ஸ்கிராப்புக்குப் போனவை எத்தனை என்ற இரண்டு எண்ணையும் போடுங்கள்.

தள்ளுபடி வேண்டாம் என்று சொல்லிக் கேமராவைத் திரும்ப வாங்கிவிட்டேன். மேஜையில்தான் இருக்கிறது. முப்பது நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில் நகலும் சர்வீஸ் சென்டர் தந்த சீட்டும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்