கார்த்திகைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரணியில் 28 ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவராகப் பணிபுரிந்து வருகிறேன். கார்த்திகை மாதம் நெருங்கும் இவ்வேளையில், என்னைப் போன்ற சிற்றூர் மருத்துவர்களுக்கும், எங்களை நம்பி வரும் குடும்பங்களுக்கும் குடியை நிறுத்துவது பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பட்டு நெசவாளர் ஒருவர் வயிற்றெரிச்சல் என்று என்னிடம் அடிக்கடி வந்துகொண்டிருந்தார். நானும் மாத்திரை எழுதிக் கொடுத்து, காரத்தைக் குறைக்கச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து வந்த மது வாடை எனக்குத் தெரியாமல் இல்லை. காலை வேளைகளில் அவர் கை நடுங்கியதையும் பார்த்திருக்கிறேன். கேட்டால் சங்கடப்படுவாரே என்று நான்கு ஆண்டுகள் கேட்காமலே இருந்துவிட்டேன். ஒரு கார்த்திகை முதல் நாள் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டு, குடியை அன்றே அடியோடு நிறுத்தினார். இரண்டாம் நாள் இரவு வலிப்பு கண்டு தறிக்குழியில் விழுந்து தலையில் அடிபட்டவர், மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே நிறுத்தினார், ஏன் இப்படி ஆயிற்று என்று அவருடைய மனைவி என்னிடம் கேட்டார். நிறுத்தியதில் தவறில்லை. எப்படி நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவன் நான்; சொல்லவில்லை.

மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, அந்தத் தணிப்புக்கு ஈடுகொடுக்க எப்போதும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென விலக்கினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலர் இல்லாத பாம்பையும் பூச்சியையும் கண்டு அலறுவார்கள், நாள் கிழமை மறந்து பிதற்றுவார்கள். இந்த நிலையை வீட்டார் பேய் பிடித்ததாக எண்ணிக் கோயிலுக்கும் பூசாரியிடமும் அழைத்துச் செல்வதில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்தானது. விரதத்தை நான் குறை சொல்லவில்லை. மாலை போட்டதோடு குடியை விட்டு மீண்டு வந்தவர்களை நானே கண்டிருக்கிறேன், அவர்கள் மன உறுதிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் மன உறுதியால் வலிப்பைத் தடுக்க முடியாது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெறுவதாகக் கூறுகிறது. மற்ற 37 பேரும் மருத்துவரையே பார்க்காதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. காய்ச்சலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வண்டியிலிருந்து விழுந்த காயத்துக்கும் அவர்கள் எங்களிடம்தான் வருகிறார்கள். மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால், எனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டு எழுந்து போகும் அதே மனிதர், எங்கள் மேசைக்கு எதிரே தயங்காமல் உட்காருகிறார். அவருடைய மனைவியின் சர்க்கரை அளவும், பிள்ளையின் படிப்பு நின்றுபோன கதையும் எங்களுக்குத் தெரியும். வேறு எந்த நிபுணருக்கும் இல்லாத இந்த வாய்ப்பைத்தான் நாங்கள் வீணடிக்கிறோம்.

குடிப்பீர்களா என்று கேட்டால், எப்போதாவது என்ற பதில்தான் வரும். வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, காலையில் எழுந்ததும் ஒரு வாய் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறதா என்று, சர்க்கரை நோயாளியிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் அதே குரலில் கேட்டால் பெரும்பாலோர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே பத்துக் கேள்விகள் வகுத்துத் தந்திருக்கிறது. ஐந்து நிமிடம் போதும். கேட்கும்போது அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். வெளியே காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும் என்று தெரிந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், பெண்கள் நிச்சயமாகத் திறக்கமாட்டார்கள். பெண்களும் குடிநோய்க்கு ஆளாகிறார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்பதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான்கு நாட்களாகச் சாப்பிடாமல் குடித்துச் சோர்ந்தவரைத் தூக்கி வந்து, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று வீட்டார் கெஞ்சுவது எங்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி. தையமின் என்னும் பி1 வைட்டமின் உடலில் வற்றிப்போயிருக்கும் அந்த மனிதருக்கு, தையமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடி, நினைவே நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். விலை மிகக் குறைந்த ஊசி அது. ஒவ்வொரு கிளினிக்கிலும் இருக்க வேண்டும்.

முன்பு வலிப்போ பிதற்றலோ வந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், உடன் இருக்க ஆளில்லாதவர்கள் ஆகியோரை மருத்துவமனையில் சேர்த்துத்தான் குடியை நிறுத்த வேண்டும். மற்றவர்களில் பலருக்கு, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க, நாள்தோறும் அளவைக் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரைகளை மனைவி அல்லது தாயின் பொறுப்பில் கொடுத்து, தினமும் நேரில் பார்த்து, ஒரு வாரத்தில் வீட்டிலேயே இதைச் செய்ய முடியும். மருந்துக் கடையில் தாமாக வாங்கி விழுங்கும் மருந்துகள் அல்ல இவை. அதன் பிறகு குடி வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் பேச்சுத் துணையும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். இடையில் ஒரு நாள் அவர் குடித்துவிட்டு வந்தால் திட்டி அனுப்பக் கூடாது. தீபாவளிப் பலகாரம் தின்று சர்க்கரை ஏறி வந்தவரை நாம் விரட்டுவதில்லையே.

குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம் என்று விற்கப்படும் பொடிகளை வாங்க வேண்டாம் என்று தாய்மார்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிராம் என்னும் மருந்தை இப்படி அறியாமல் உட்கொண்டவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இறக்கவும் நேரலாம்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021இல் தொடங்கிய மாநிலம் இது. குடிநோய்ச் சிகிச்சையின் தொடர் கண்காணிப்பையும் அதில் சேர்க்குமாறும், வேட்கை குறைக்கும் மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடையின்றிக் கிடைக்க வழி செய்யுமாறும் அரசைக் கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் எங்களைப் போன்ற தனியார் குடும்ப மருத்துவர்களுக்கும் பயிற்சி அளித்தால் நன்றியோடு ஏற்போம்.

இந்த ஆண்டு மாலை போட எண்ணியிருக்கும் அன்பர்களில் நாள்தோறும் குடிப்பவர்கள், கார்த்திகை முதல் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே அருகிலுள்ள மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லி, அவர் சொல்லும் முறைப்படி நிறுத்திவிட்டு விரதம் தொடங்க வேண்டுகிறேன். நேரில் சொல்லத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
குடும்ப மருத்துவர் ஒருவர்,
ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.