பை கட்டுவதற்கு முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பெற்றோருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்காக விளையாட்டுச் சாமான் எல்லாம் போட்டு எங்கள் கடையில் கட்டி விற்றுவந்த ‘முழு செட்’ பையை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டோம். பாளையங்கோட்டையில் பையை வாங்கிக் கையோடு ரயிலேறிப் பழகியவர்களுக்கு இது சிரமம்தான். ஏன் நிறுத்தினோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

போன ஆண்டு வடக்கே நடந்த பல்கலைக்கழகப் போட்டி ஒன்றுக்கு நம் மாணவி ஒருத்தி எங்கள் பையோடு போனாள். தங்க வைத்த கல்யாண மண்டபம் மைதானத்திலிருந்து 20 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினால் திரும்ப இரவு எட்டு மணி ஆகும். முதல் நாள் மழையில் நனைந்த ஸ்பைக்ஸை, அதாவது அடியில் ஆணி திருகிய ஓட்ட ஷூவை, காயப்போட இடமில்லை. மாற்று சாக்ஸ் மண்டபத்திலேயே கிடந்தது. போதாததற்கு, நாங்கள் மாட்டிக் கொடுத்தவை நம் மண் தடத்துக்கான 12 மில்லிமீட்டர் ஆணிகள். அங்கே இருந்ததோ சிந்தெடிக் தடம், ரப்பர் மாதிரியான செயற்கைத் தரை. அதில் ஓட்டத்துக்கு 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. அளந்து பார்த்து நிறுத்திவிட்டார்கள். யாரிடமோ ஆணி கடன் வாங்கித் திருகிக்கொண்டு ஓடினாள். ஊர் திரும்பி ஷூவை எங்கள் மேஜைமேல் வைத்தபோது அதன் உள்ளட்டை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எங்களுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அனைத்துலகப் போட்டிகளில் இந்தத் தொல்லை இராது என்று சில பெற்றோர் சொன்னார்கள். வசதி கூடுதல் என்பது உண்மை. ஆனால் இடமும் தூரமும் அங்கேயும் ஒரே மாதிரி அமைவதில்லை. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியையே பாருங்கள். சீனாவின் செங்டுவில் 2023-இல் நடந்தபோது வீரர்களைப் பல்கலைக்கழக வளாகத்தில் தங்க வைத்தார்கள். அதற்கு முன் 2019-இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் பலருக்குத் துறைமுகத்தில் நின்ற பயணக் கப்பல்களில் அறை கொடுத்தார்கள். கப்பல் அறையில் பெரிய பெட்டி ஒன்றை விரித்து வைக்கவே இடம் தேடவேண்டும்.

2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் வட்டாரத்தில் நடந்ததுதான் நாம் கவனிக்கவேண்டியது. புதிதாக வீரர் கிராமம் கட்டவில்லை. ஓட்டல்களில் தங்க வைத்தார்கள். அரங்குகளும் பெரும்பாலும் இருந்தவைதான். தடகளம் போகம் நகரில், இறகுப்பந்து மூல்ஹைமில் என்று ஊர் ஊராகப் பிரித்திருந்தார்கள். எஸ்ஸெனில் பொருட்காட்சி மண்டபத்துக்குள்ளேயே ஜூடோவும் மேசைப்பந்தும் நடந்தன. நம் ஆனித் திருவிழாப் பொருட்காட்சியைப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு இடத்தின் பரப்பு புரியும். நீச்சல் பெர்லினில்! போகம் நகரிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர்; திருநெல்வேலியிலிருந்து விழுப்புரம் போகிற தூரம். கட்டிடத்தில் காசைக் கொட்டாமல் இருப்பதை வைத்து நடத்தியது நல்ல காரியம் என்றே நினைக்கிறோம். அதற்காக வீரர்கள் பஸ்ஸிலும் கொஞ்ச நேரம் செலவிடவேண்டும், அவ்வளவுதான். அடுத்த போட்டி 2027-இல் தென்கொரியாவின் சுங்சியோங் வட்டாரத்தில். அதுவும் நான்கு பகுதிகளில் பரவி நடக்க இருக்கிறது.

அதனால் இனிப் பை கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்போம்: எந்தத் தரையில் விளையாட்டு, படுக்கை எங்கே, இரண்டுக்கும் நடுவே எத்தனை நேரப் பயணம். அழைப்புக் கடிதத்தில் இல்லையென்றால் அணி மேலாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். தூரம் அதிகமென்றால் மைதானத்துக்குத் தனியாகத் தோளில் மாட்டும் சிறிய பை ஒன்று தருவோம். ஒரு ஜோடி சாக்ஸ், துண்டு, ஆணி திருகும் சாவி, இரண்டு அளவு ஆணி எல்லாம் அதில் இருக்கும். ஓட்டலில் தங்குகிறவர்களுக்குக் கொடிக்கயிறும், ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாளும் வைப்போம். இரண்டுக்கும் காசு வேண்டாம். மரத்தரை அரங்கில் ஆடுகிறவர்கள் தடம் பதியாத அடிப்பாகம் உள்ள ஷூவைத்தான் வாங்கவேண்டும். விலை குறைவு என்று வேறொன்றைக் கேட்டால் கொடுக்கமாட்டோம், வருத்தப்படாதீர்கள். நம் நாட்டுக்குள் மண்டபத்திலோ வகுப்பறையிலோ தங்க வைப்பார்கள் என்று தெரிந்தால், ஒரு பத்தமடைப் பாயைச் சுருட்டிக் கொடுத்து அனுப்புங்கள். சிமெண்டுத் தரையில் படுத்த முதுகோடு காலையில் நீளம் தாண்டுவது கடினம்.

பழைய ‘முழு செட்’ பை பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம். வேண்டியதை மாற்றிக் கொடுக்கிறோம். ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருக்கும்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர், பாளையங்கோட்டை