கோழிக்கு இல்லாத மரபணு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பறவைக் காய்ச்சல் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நாடுகாணி சோதனைச்சாவடியில் கேரளத்துக் கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்புவதையும், மற்ற வண்டிகளின் சக்கரங்களுக்கு மருந்து அடிப்பதையும் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் காட்டு வாத்துகளைப் பற்றி 'நோயைச் சுமந்து வருபவை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மறுநாளே எங்கள் ஊர் வயலோரக் குட்டையில் இறங்கிய சீழ்க்கைச் சிறகிகளைச் சில பையன்கள் கல்லெறிந்து விரட்டினார்கள். கேட்டதற்கு, "பேப்பர்லயே போட்டிருக்கே அக்கா" என்றார்கள். சீழ்க்கைச் சிறகி எங்கிருந்தோ வலசை வருவதில்லை, நம் நாட்டிலேயே வாழ்கிற பறவை. அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

வீட்டில் கோழிகளோடு நாலைந்து தாராவும் (வளர்ப்பு வாத்து) வளர்க்கிறேன். ஒரு கோடையில் என் கோழிகளில் பதினொன்று ஒரே வாரத்தில் செத்துப்போயின. அதே தொட்டித் தண்ணீரைக் குடித்த தாராக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் இல்லை என்று கால்நடை மருத்துவர் சொன்னார். சரி, ஆனால் தாரா மட்டும் எப்படித் தப்பித்தது? அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

பறவைக் காய்ச்சலிலும் இதே கேள்வி உண்டு. பல வகை வாத்துகள் வைரஸைக் குடலில் வைத்துக்கொண்டு நோயே இல்லாததுபோல் நீந்தும். கோழி ஓரிரு நாளில் சுருண்டு விழும். இதற்கு ஒரு காரணத்தை 2010-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ரிக்-ஐ என்ற மரபணு வாத்துக்கு இருக்கிறது, கோழிக்கு இல்லை. செல்லுக்குள் வைரஸ் நுழைந்ததுமே மோப்பம் பிடித்துக் குரைக்கிற காவல்நாய் மாதிரி அது. வாத்தின் ரிக்-ஐயைக் கோழியின் செல்களில் வைத்துப் பார்த்தபோது வைரஸ் பெருகுவது குறைந்தது. 2013-இல் வாத்தின் எல்லா மரபணுக்களும் அடங்கிய முழு மரபணுத்தொகுதியும் வெளியானது.

இதை வைத்து நீர்ப்பறவைகள் எல்லாம் தப்பிவிடும் என்று நினைக்கவும் முடியாது. 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பட்டைத்தலை வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2020 கடைசியில் தொடங்கி இமாச்சலத்தின் போங் அணையிலும் அதே கதி. 2014-இல் ஆலப்புழைப் பக்கம் வளர்ப்புத் தாராக்களே மடிந்தன. ஆஸ்திரேலியாவின் கறுப்பு அன்னம் இந்த நோய் வந்தால் சில நாள்கூடத் தாங்காது. 2023-இல் அதன் மரபணுத்தொகுதியை வெள்ளை அன்னத்தோடு ஒப்பிட்டார்கள். வைரஸை உணரும் டி.எல்.ஆர்-7 என்ற மரபணு கறுப்பு அன்னத்தின் ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களில் வேலை செய்கிற அறிகுறியே தெரியவில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு பலவீனம் என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தானே படிக்க வேண்டும்?

அதே பட்டைத்தலை வாத்துதான் குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கும் வருகிறது. செத்த பறவையின் மாதிரியைப் போபால் ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன வைரஸ் என்று தெரியும். எந்தப் பறவை சாகும், எது சாகாமல் சுமக்கும் என்பதை அறியப் பறவையின் மரபணுவையும் படிக்க வேண்டும். அது தெரிந்தால்தான் எந்தக் குளத்தில் எந்தப் பறவையைக் கண்காணிப்பது என்று முடிவு செய்யலாம்.

இதற்காகப் பறவையைக் கொல்ல வேண்டியதில்லை. மரபணுக்கள் இருக்கும் உட்கரு நம் ரத்தச் சிவப்பணுவில் கிடையாது, பறவையின் சிவப்பணுவில் உண்டு. ஒரு சொட்டு ரத்தமே போதும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளுக்கு வளையம் மாட்டும்போதே அதையும் எடுத்துச் சேமிக்கலாம். நம் மலைக்கும் இது புதிதல்ல. சோலைக்காட்டுச் சிறு பறவைகளின் மரபணுவை ஆராய்ந்துதான் 2017-இல் அவற்றுக்குச் 'சோலிகோலா' என்ற புதுப் பேரினமே வைத்தார்கள். 1957-இல் ஆசிய ஃப்ளூ பரவியபோது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில்தான் இந்திய அரசின் இன்ஃப்ளுவென்சா மையம் இருந்தது. அப்படிப்பட்ட மாவட்டம் இன்று சக்கரத்துக்கு மருந்து அடிப்பதோடு நின்றுவிட்டதே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. நீர்ப்பறவை மரபணு ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும், இங்குள்ள ஆய்வாளர்களும் அதில் சேர வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆய்வில் இருக்கும் ஒருவரைக் கொண்டு முழுக் கட்டுரை எழுதி வாங்குங்கள். பறவைகளை விரட்டினால் அவை வேறு குளத்துக்குத்தான் போகும், செத்த பறவையைக் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதில் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்தப் பையன்களிடம் பேப்பரை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.