செம்மண்ணில் கிடைத்த உன் கல்லுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இங்கே கன்று ஈனும் பருவம். பிப்ரவரி தொடங்கி இரவு பகல் பார்க்காத ஓட்டம். இந்த வயதில் இதெல்லாம் வேண்டுமா என்று நீ கேட்பாய். தலை மடங்கிச் சிக்கிக்கொண்ட கன்றை வெளியே எடுத்து, அது முதல் மூச்சு இழுக்கும்போது எனக்கு இன்றைக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாம் முதன்முதலாகக் கன்று எடுத்த நாள் போலத்தான் இருக்கிறது. பேத்தி பிறந்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது.

இனி, கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டும்போது கிடைத்தது என்று நீ எழுதிய அந்தக் கல். படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பக்கத்தில் வைத்து எடுத்தாயே, அதனால் அளவு பிடிபட்டது. உள்ளங்கை நிறையும் கல், பேரிக்காய் வடிவம், இரண்டு பக்கமும் செதில் செதிலாகத் தட்டி எடுத்த தடம். ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தால் ஓடையில் உருண்டு உடைந்தது என்று விட்டிருப்பேன். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி ஒரே விளிம்பில் வந்து சேர்வது தானாக நடக்கிற காரியமில்லை. கையில் வாங்கிப் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் அது கைக்கோடரி, ஆதிமனிதன் கையில் பிடித்து வெட்டிய கற்கருவி என்றுதான் என் மனம் சொல்கிறது. நீ இருப்பதோ பூண்டிக்குப் பக்கம். ஆதிமனிதனின் கற்கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் உனக்கு எட்டும் தூரம்.

'நீ அங்கே மாட்டுக்கார வெள்ளைக்காரன் நிலத்தில் அம்புமுனை பொறுக்குகிறாயே, உனக்குத் தெரியாததா' என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் உண்டு. அதைத்தான் நீ முக்கியமாகப் படிக்க வேண்டும்.

இந்த மத்திய டெக்சாஸ் பூமி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பாறைக்கு நடுவே வரிவரியாகவும் உருண்டை உருண்டையாகவும் செர்ட் என்கிற கல் கிடக்கிறது, நம் சக்கிமுக்கிக் கல் வகை. கண்ணாடி போல உடையும். தட்டினால் சங்கு ஓட்டின் உள்பக்கம் போல வளைந்த தடம் விழும். அடி பட்ட இடத்தில் சின்னப் புடைப்பும், அதிலிருந்து குளத்தலை மாதிரி வளையங்களும் தெரியும். முதலில் உருண்டைக் கல்லால் அடித்து உருவம் கொண்டுவருவார்கள். பிறகு மான் கொம்பின் நுனியால் அழுத்தி அழுத்தி விளிம்பைக் கூர்படுத்துவார்கள். இப்படிப்பட்ட கல்லும், வற்றாத ஊற்றும், வேட்டைக்கு மானும் ஒரே இடத்தில் இருந்தால் மனிதன் ஏன் வேறு இடம் போகிறான்? ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இங்கேயே இருந்திருக்கிறார்கள்.

நான் வழக்கமாக மாடு பார்க்கப் போகும் ராஞ்ச் என்கிற மாட்டுப் பண்ணை ஒன்றில் அப்படியொரு ஓடை இருக்கிறது. கரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி, மேட்டில் மெஸ்கீட் மரம். மெஸ்கீட் என்றால் நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. முதல் தடவை பார்த்தபோது ராமநாதபுரத்துக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். மழை பெய்த மறுநாள் மாட்டுத்தடத்தில் குனிந்து நடந்தால் போதும். கல்சில்லுகள் மின்னும். சில நாள் சுரண்டி கிடைக்கும், தோலில் ஒட்டிய கொழுப்பை வழிக்கிற கல். ஒரு முறை அம்மி மாதிரி குழிந்த கல் கிடைத்தது. விதைகளை அரைத்த கல் அது. அதன் குழியில் உள்ளங்கையை வைத்தபோது எங்கள் ஆத்தாவின் அம்மி நினைவு வந்து, சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓடைக்கு மேலே சுட்ட கற்கள் குவிந்த ஒரு மேடும் இருக்கிறது. குழி தோண்டி, தீ மூட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் கிழங்கைப் போட்டு மண்ணால் மூடி மணிக்கணக்காக வேகவைத்திருக்கிறார்கள். வெடித்த கல்லை ஒதுக்கிப் போட்டுப் போட்டே மேடாகிவிட்டது. அம்புமுனை தேடுகிறவர்கள் இந்த மேட்டைக் கிளறித் தள்ளிவிடுகிறார்கள். எனக்கோ அம்புமுனையைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. எத்தனை தலைமுறை அடுப்பு அது!

அம்புமுனை என்று எல்லோரும் சொன்னாலும், கிடைப்பதில் பெரும்பாலானவை அம்பில் கட்டியவை அல்ல. வில்லும் அம்பும் இந்தப் பக்கம் வந்தே சுமார் 1,300 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்னால் அட்லாட்டில் என்ற எறிகோலால் நீண்ட ஈட்டியை வீசினார்கள். விரல் நீளத்துக்குக் கிடைக்கும் முனைகள் அந்த ஈட்டியினுடையவை. அம்பின் முனை கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியதாக, மெலிந்து இருக்கும்.

இப்போது என் தப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளம் வடிந்த மறுநாள், அறுபட்ட கரையில் ஒரு முனை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சாம்பல் நிறம். அடிக்காம்பில் சிறு வெட்டு. பெடர்னாலெஸ் என்று இங்கே சொல்லும் வகை, 3,000 ஆண்டு தாராளமாக இருக்கும். கை நடுங்கியது. பேனாக்கத்தியை எடுத்துச் சுற்றிக் கெல்லிப் பிடுங்கிவிட்டேன். கூடவே கரித்துண்டுகள் உதிர்ந்தன, அவற்றை ஊதித் தள்ளினேன். கத்தி பட்டு விளிம்பில் ஒரு புதுப் பொளிவும் விழுந்தது. ஓடைத் தண்ணீரில் கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

டெக்சாஸ் வரலாற்று ஆணையத்துக்காகச் சம்பளம் வாங்காமல் தொல்லியல் பணி செய்யும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு அம்மாவிடம் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். மூன்று கேள்வி கேட்டார். எவ்வளவு ஆழத்தில் இருந்தது? பக்கத்தில் என்ன இருந்தது? நுனி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் ஊதித் தள்ளிய கரியை வைத்தே அதன் காலத்தைக் கணித்திருக்கலாம் என்றார். திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நினைத்துப் பார். நோய்க்கூறியல் வகுப்பில் நம் வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னது என்ன? செத்த மாட்டை இழுத்துப் போடாதே, கிடந்த இடத்தைப் பார், எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது பார், வாயில் என்ன இருக்கிறது பார், பிறகு கத்தியை எடு. பட்டிக்கு வெளியே இழுத்து வந்து, கழுவிவிட்டுக் காட்டும் மாட்டைப் பார்த்து நாம் எத்தனை முறை பதறியிருக்கிறோம். அதே வேலையை நான் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ஃபோல்சம் கதையை முழுசாகப் படித்தேன். நீ கேட்க வேண்டிய கதை. ஜார்ஜ் மெக்ஜங்கின் என்று ஒரு கறுப்பின மாட்டுக்காரர். 1851-இல் டெக்சாஸில் அடிமையாகப் பிறந்தவர். வளர்ந்து, எழுதப் படிக்கக் கற்று, நியூ மெக்சிகோவில் ஒரு ராஞ்ச்சின் மேலாளாக உயர்ந்தவர். 1908 ஆகஸ்ட் 27 இரவு பெரும் மழை. ஃபோல்சம் ஊரையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வேலியைச் சரிபார்க்கக் குதிரையில் போன மெக்ஜங்கின், வெள்ளம் அறுத்த ஓடையில் ஆளுயரத்துக்கும் கீழே எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். நம்மைப் போல மாட்டின் எலும்பு தெரிந்த கை. இது வீட்டு மாடும் இல்லை, இப்போதுள்ள காட்டெருமையும் இல்லை, அதைவிடப் பெரியது என்று கண்டுகொண்டார். வந்து பாருங்கள் என்று அக்கறை உள்ளவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை அங்கே தோண்ட யாரும் வரவில்லை. 1922-இல் இறந்துபோனார்.

டென்வர் அருங்காட்சியகம் 1926-இல் தோண்டத் தொடங்கியது. கல்முனைகள் கிடைத்தன, ஆனால் மண்ணிலிருந்து பெயர்ந்து வந்தவை. அவை அந்த எலும்புகளின் காலத்தவை என்று அறிஞர்கள் ஏற்கவில்லை. மேலிருந்து விழுந்திருக்கலாம், எலி வளையில் நழுவியிருக்கலாம் என்றார்கள். அடுத்த தடவை கிடைத்தால் தொடாதே, எங்களைக் கூப்பிடு என்று சொல்லியனுப்பினார்கள். 1927 ஆகஸ்டில், விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனை அப்படியே பதிந்திருந்தது. இந்த முறை யாரும் பிடுங்கவில்லை. தந்தி பறந்தது, பெரிய அறிஞர்கள் ரயிலேறி வந்து கண்ணால் பார்த்தார்கள். அழிந்துபோன அந்தக் காட்டெருமையை மனிதன் வேட்டையாடியிருக்கிறான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதன் வந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்றிருந்த கணக்கு அன்றோடு போனது. முந்தைய ஆண்டு பெயர்ந்து வந்த முனைகளும் இதே மாதிரிதான். விலாவுக்குள் இருந்த இடம்தான் சாட்சி சொன்னது.

எங்கள் பக்கத்திலேயே கால்ட் என்று ஒரு இடம் இருக்கிறது. பல ஆண்டுகள் அங்கே காசு கொடுத்தால் யாரும் தோண்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. சொந்த நிலத்தில் கிடைப்பது நிலத்துக்காரருக்கே சொந்தம் என்பது இங்குள்ள சட்டம். அரசு நிலத்தில்தான் எடுக்கக் கூடாது. மேலடுக்கெல்லாம் நாசமாகிவிட்டது. அடியில் தப்பிய அடுக்குகளில் 16,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கருவிகள் இருந்ததாக 2018-இல் கட்டுரை வந்தது. அதை ஆராய்ந்த மைக்கேல் காலின்ஸ் 2007-இல் தன் கைக்காசில் அந்த நிலத்தை வாங்கி ஒரு பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

என் ராஞ்ச்காரர் வீட்டிலும் அவருடைய தாத்தா சேர்த்த சுருட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. நானூறு முனைகளுக்கு மேல். ஒன்றுகூட எங்கே கிடைத்தது என்று எழுதி வைக்கவில்லை. இப்போது நானும் அவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். கண்ட இடம், தேதி, படம், அவ்வளவுதான். கரையில் பதிந்திருப்பதைத் தொடுவதில்லை. இந்த நாட்டின் பழங்குடிகளில் டொங்காவா மக்களை 1884-இல் டெக்சாஸை விட்டே அனுப்பிவிட்டார்கள். தங்கள் மூதாதையர் தோன்றிய இடமாக அவர்கள் மதிக்கும் குன்றை 2023-இல் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராஞ்ச்காரரிடம் உன் கல்லின் படத்தைக் காட்டினேன். எத்தனை ஆண்டு இருக்கும் என்றார். உன் கல்லின் வயது எனக்குத் தெரியாது, ஆனால் அதன் ஊர்ப்பக்கம், அத்திரம்பாக்கத்தில், தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் கண்ட கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இப்படிப்பட்ட முதல் கற்கருவியை எடுத்தார். அந்தப் பல்லாவரம் வழியாக நாம் எத்தனை நூறு முறை மின்ரயிலில் போயிருப்போம்! ஒருவரும் நமக்குச் சொல்லவில்லையே.

ஆகவே, கழிவுநீர்த் தொட்டிக்கு வெட்டிய அந்தக் குழியை இப்போது கட்டாதே. மேஸ்திரியிடம் பத்து நாள் பொறுக்கச் சொல், கூலியை நான் அனுப்புகிறேன். கல்லைத் தேய்த்துக் கழுவாதே. எந்த மட்டத்தில் இருந்தது என்று வெட்டிய ஆளிடம் இன்றைக்கே கேள், நாலு நாள் போனால் மறந்துவிடுவார். குழியின் மண்சுவரை அளவுநாடா வைத்துப் படமெடு. செம்மண் எங்கே முடிகிறது, சரளை எங்கே தொடங்குகிறது என்பது தெரிய வேண்டும். சுவரில் இன்னொன்று தெரிந்தால் விரல்கூட வைக்காதே. பூண்டியிலேயே அரசின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது, நேரில் போய்ச் சொல்.

படம் எடுத்ததும் அனுப்பு. முழங்கால் வலிக்கு அந்த எண்ணெய் கேட்கிறதா? குழிக்குள் நீ இறங்காதே, பையனை இறங்கச் சொல்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்