எல்லாமே கிரேக்க நகல் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கோத்திய மொழி (ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பழைய மொழி) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நான்காம் நூற்றாண்டில் பைபிளைக் கோத்தியத்துக்குக் கொண்டுவந்த ஆயர் வுல்ஃபிலா, அதிலுள்ள கூட்டுச்சொற்களை எல்லாம் கிரேக்கத்தைப் பார்த்தே செய்துவிட்டார் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். பாதி சரி. கையால் செய்தது என்பதற்கு வரும் ஹந்துவோர்ஹ்ட்ஸ், இதயக் கடினத்துக்கு வரும் ஹர்துஹெர்தீ, இவையெல்லாம் கிரேக்கச் சொல்லைத் துண்டாக்கி, துண்டுக்குத் துண்டு கோத்தியம் வைத்து ஒட்டியவைதான்.

ஆனால் பவுல் தமஸ்குவிலிருந்து தப்பிக்கும் வசனத்தை (2 கொரிந்தியர் 11:33) எடுத்துப் பாருங்கள். அவரைக் கூடையில் வைத்து ஜன்னல் வழியாக மதிலிலிருந்து இறக்குகிறார்கள். அந்த ஜன்னல் கோத்தியத்தில் ஔகதோரோ, அதாவது கண்ணும் கதவும் சேர்ந்தது. கிரேக்கத்தில் இருப்பதோ 'சின்னக் கதவு' என்று பொருள்படும் ஒற்றைச் சொல், அதில் கண் எங்கே இருக்கிறது? பழைய ஆங்கிலத்திலும் பழைய ஜெர்மனிலும் இதே கண்கதவு உண்டு என்பதால், இது ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழைய சொத்து என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த மதில்கூட போர்க்ஸ்வத்யுஸ், நகரத்தின் சுவர். கிரேக்கத்தில் வெறும் மதில். கெட்ட குமாரன் கதையில் தகப்பன் போடச் சொல்லும் மோதிரம் ஃபிங்க்ரகுல்த், விரல்பொன். கிரேக்கச் சொல்லுக்குள் விரல் இருக்கிறது, பொன் இல்லை. அப்புறம், பன்னிரண்டு வயது இயேசுவுக்கு த்வலிப்விந்த்ருஸ், பன்னிரண்டு குளிர்காலம் கண்டவன்! பொன்வளை அணிந்தவளைக் குறிக்கும் நம் பொற்றொடி போல அசல் அன்மொழித்தொகை. மூலத்தில் குளிர்காலமே கிடையாது.

கட்டுரை தொடாமலே விட்ட இன்னொன்று, கூட்டுச்சொல்லின் இரண்டு பகுதிகளுக்கு நடுவில் நிற்கும் உயிரெழுத்து. திராட்சைரசம் தனியே வந்தால் வீன், உணவு தனியே வந்தால் மத்ஸ். கூட்டுக்குள் போனால் வீனகர்த்ஸ் (திராட்சைத் தோட்டம்), மதிபல்க்ஸ் (சாப்பாட்டுப் பை) என்று, தனிச்சொல்லில் உதிர்ந்துபோன பழைய ஈற்று அகரமும் இகரமும் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. எப்போதும் அப்படி இல்லை என்பதுதான் சுவாரஸ்யம். கடவுளுக்கு அஞ்சுபவன் குதஃபோர்ஹ்ட்ஸ், அதில் அகரம் இருக்கிறது. யோவான் 18:20இல் கோயிலுக்கு வரும் குத்ஹூஸில் (கடவுள் வீடு) அதைக் காணோம்.

இந்த ஹூஸ், கையில் கிடைத்திருக்கும் கோத்தியப் பிரதிகளில் வேறெங்கும் வருவதில்லை. வீட்டுக்கு வுல்ஃபிலா சாதாரணமாக எழுதுவது கர்த்ஸ் அல்லது ரஸ்ன். தானே உட்கார்ந்து புதுச்சொல் செய்பவர், தான் தினமும் எழுதும் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கும் தொடாத ஒன்றை ஏன் எடுக்கப் போகிறார்? மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லைத்தான் அவர் எடுத்து எழுதியிருக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்